எந்த வெள்ளி?

மாடிப்படியில் ஏறி வந்த குதிகால் செருப்புச் சத்தத்தைக் கேட்டதுமே தேன்மொழியின் முகம் சுருங்கிவிட்டது. ஜோகூரின் கெலாங் பாத்தாவில் எத்தனையோ பெண்கள் குதிகால் செருப்பு போடுகிறார்கள். ஆனால் தன் கணவரை உரிமையோடு "கணேசன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான்.

கணவர் சிவகணேசன் துப்பறிவாளர். முன்பு ஒரு வங்கியில் கடன் அட்டைத் தகராறுகளை விசாரிக்கும் பிரிவில் இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, டோபிக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக அலுவலகம் திறந்தார். தொலைபேசி எடுக்கவும் தேநீர் கலக்கவும் அங்கே வந்து உட்கார்ந்த தேன்மொழி, துப்பறியும் வேலையில் பாதி தன்னால்தான் நடக்கிறது என்று நம்பினாள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

வந்தவள் சுபத்திரா. சிவகணேசனின் அம்மா மகனுக்குப் பார்த்து வைத்திருந்த பெண். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்து வழி. தாத்தா காலத்தில் மலாயாவுக்கு அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர்கள். சிவகணேசனோ ஒற்றைக் காலில் நின்று, லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த தேன்மொழியைக் கட்டிக்கொண்டார். சுபத்திராவும் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டு, பட்டுச் சேலைக் கடை வைத்து, நன்றாகவே இருந்தாள். எல்லாம் முடிந்துபோன கதை என்று எல்லாரும் சொன்னார்கள். தேன்மொழியும் அப்படித்தான் சொல்வாள், ஆனால் இதுவரை அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை.

"கணேசன், என்ர கடை போகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே சுபத்திரா நாற்காலியில் சாய்ந்தாள்.

"முதல்ல தண்ணி குடியுங்கோ. வங்கியில இருந்து கடிதமோ?"

"ஓம்."

"சிங்கப்பூர்க்காரர் முறைப்பாடு செய்திட்டினமோ?"

"ஓம், கணேசன். எப்பிடித் தெரியும்?"

"தீபாவளி கிட்ட வருது. உங்கட கடைக்குச் சிங்கப்பூரில இருந்து இரண்டாவது பாலம் தாண்டி வாற சனம்தானே அதிகம்."

தேன்மொழிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அவளிடம் "ஆமா", "சரி" என்று பேசுகிற மனிதர், இவளைக் கண்டதும் எங்கிருந்தோ ஒரு யாழ்ப்பாணத்தை எடுத்து விரித்துவிடுகிறார். அந்த "ஓம்" என்ற ஒரு சொல்லுக்குள் தான் நுழையவே முடியாத ஒரு வீடு இருப்பதாக அவளுக்குத் தோன்றும். தண்ணீர்க் கோப்பையைச் சற்றுச் சத்தமாகவே மேசையில் வைத்தாள்.

கடிதத்தின் சாரம் இதுதான். சேலை வாங்கிப்போன சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் சிலர், கார்டில் கட்டியதற்குக் கடை கூடுதலாகப் பணம் பிடித்துவிட்டது என்று புகார் செய்திருக்கிறார்கள். சுபத்திரா வங்கியோடு போட்ட ஒப்பந்தப்படி அது குற்றம். ஒரு வாரத்துக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் கார்டு மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடையின் பெயர் கறுப்புப் பட்டியலிலும் ஏறிவிடும். பிறகு வேறு எந்த வங்கியும் மெஷின் தராது.

"மெஷின் போனா சிங்கப்பூர்ச் சனமும் போயிடும். அவை ஆரும் கட்டுக்கட்டாக் காசு கொண்டு வாறதில்லை" என்றாள் சுபத்திரா. "சத்தியமா நான் ஒரு சதம் கூட்டி எடுக்கேல்லை."

"நீங்க எடுக்கலன்னா வேற யாரோ எடுத்திருக்கணும்லா" என்று தேன்மொழி இடையில் புகுந்தாள். 'நீங்க' என்ற சொல்லில் கொஞ்சம் உப்புச் சேர்த்தாள். "கூடப் போன காசு எங்கதான் போச்சு?"

"அதுதான் விளங்கேல்லை, தேன்மொழி. வங்கி தன்ர கட்டணத்தைக் கழிச்சுப்போட்டு, பில்லில உள்ளதைச் சரியாத்தான் அனுப்பியிருக்கு. என்ர கணக்கில ஒண்டும் கூடேல்லை."

சிவகணேசன் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆயிரம் வெள்ளிக்குச் சேலை வித்தா கடைக்கு முழுசா ஆயிரம் வராது. கார்டு குடுத்த வங்கிக்கு ஒரு பங்கு, கார்டு கம்பெனிக்கு ஒரு பங்கு, மெஷின் குடுத்த வங்கிக்கு ஒரு பங்கு போயிடும். வெளிநாட்டுக் கார்டுன்னா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. அதெல்லாம் கடைக்காரர் லாபத்துல இருந்து போறது. அதை வாடிக்கையாளர் தலையில கட்டக்கூடாது. இங்க யாரும் கட்டின மாதிரி தெரியல. ஆனா வாங்கினவங்க கூடக் குடுத்திருக்காங்க. கடைக்கும் அது வரல."

"அலமாக்! அப்ப காத்துலயா போச்சு?"

"அதைத்தான் பாக்கணும்" என்றார் அவர் நிதானமாக. "கடையில ஆர் ஆர் இருக்கினம், சுபத்திரா?"

கடையில் இரண்டு பேர். ராஜம்மா, கடை திறந்த நாளிலிருந்து இருப்பவள். பிரவீனா, இந்த வருஷம் சேர்ந்தவள். புகார் வந்த எல்லாப் பில்லிலும் பிரவீனாவின் பணியாளர் எண்தான் இருந்தது.

"பிரவீனாவை நான் எவ்வளவு நம்பினனான்! கைராசிக்காரி எண்டு எல்லாருக்கும் சொன்னனான். தீபாவளி வியாபாரம் தொடங்கின அண்டைக்கு முதல் பில் எப்பவும் ராஜம்மாதான் போடுவா. இந்த வருஷம் பிரவீனாட்டக் குடுத்தன். ராஜம்மா லாபிசுக்குச் செத்த வீட்டுக்குப் போயிருந்த ஒரு கிழமை முழுக்க அவள் தனியா நிண்டு கடையைச் சமாளிச்சவள். அப்ப ஒரு முறைப்பாடும் வரேல்லை. இப்ப பாருங்கோ."

"மெஷின் எப்ப வந்தது?"

"பிரவீனா சேருறதுக்கு முந்தி. மெஷின் கொண்டு வந்த பொடியன் ஒருத்தன் எல்லாம் சொல்லித் தந்தவன். நான் ஃபோனில நிண்டனான். ராஜம்மாதான் கேட்டவ. அவன் காட்டின இடத்தில நான் சைன் வச்சன்."

"எதுக்குச் சைன்?"

"ஏதோ வெளிநாட்டுக் கார்டுக்கு இலவச வசதியெண்டான்."

இன்னொரு விஷயமும் இருந்தது. எதிர்க்கடை ரூபேந்திரன், வங்கிக் கடிதம் வருவதற்கு முன்பே தன் கடைக் கண்ணாடியில், "இங்கே கார்டுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை" என்று பலகை மாட்டிவிட்டான். சுபத்திராவின் வியாபாரத்தைப் பார்த்துப் பல வருஷமாகப் புழுங்குகிற ஆள்.

சுபத்திரா போனதும் தேன்மொழி தீர்ப்பு எழுதிவிட்டாள். "அந்த ரூபேந்திரன்தான். இல்லன்னா இந்தம்மாவே ஏதோ பண்ணிட்டு நல்லவங்க மாதிரி வந்து அழுவறாங்க."

"உன் சிங்கப்பூர் வங்கிக் கார்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டார் சிவகணேசன்.

கல்யாணத்துக்கு முன் சிங்கப்பூரில் துவாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது திறந்த கணக்கு. அவள் அதை மூடவே இல்லை. "இருக்கு. எதுக்கு?"

"சேலை வாங்கிட்டு வா. பிரவீனாகிட்ட ஒண்ணு, ராஜம்மாகிட்ட ஒண்ணு. சிங்கப்பூர்ல இருந்து வந்த மாதிரி போ. அவங்க உன்னைப் பார்த்ததில்லைலா."

சுபத்திரா கடைக்குப் போவதா என்று ஒரு கணம் முறுக்கிக்கொண்டாள். இரண்டு சேலை என்றதும் முறுக்குக் கொஞ்சம் தளர்ந்தது.

கடை அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. அதுவும் எரிச்சலாகவே இருந்தது. பிரவீனா கல்லாவுக்குப் பக்கத்தில் சேலைகளை விரித்துக் காட்டினாள். வேகமான கை, சிரித்த முகம். சோபாவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "இந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்தா கல்யாணம் தானா கூடி வருதுன்னு என் சம்பந்தி சொன்னாங்க" என்றாள். சற்றுத் தள்ளி ஐம்பது வயது மதிக்கத்தக்க ராஜம்மா சேலைகளைப் பொதிந்துகொண்டிருந்தாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நாடாவை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடி வெட்டியது. தேன்மொழி அதைக் கவனித்தாள், ஏனென்று யோசிக்கவில்லை.

பிரவீனாவிடம் ஒரு மாம்பழ நிறச் சேலையை எடுத்தாள். பிரவீனா பில் போட்டதும், ராஜம்மா கார்டு மெஷினை எடுத்துக்கொண்டு சோபாவுக்கே வந்தாள். வாடிக்கையாளரை எழுப்பாமல் உட்கார்ந்த இடத்திலேயே பணம் வாங்குவது அந்தக் கடையின் பழக்கம். பிறகு தேன்மொழி, "எங்க அண்ணிக்கும் ஒண்ணு பாக்கணும்" என்று ராஜம்மாவிடம் ஒன்று வாங்கினாள். அந்தப் பில்லுக்கும் மெஷினோடு வந்தது ராஜம்மாதான்.

வெளியே வந்து எதிர்க்கடைக்குள்ளும் தலையை நீட்டினாள். "பலகை நல்லா இருக்கே அண்ணே, எப்ப மாட்டினீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், ரூபேந்திரன் பொங்கிவிட்டான்.

"எதிர்ல வாங்கிட்டு ஏமாந்த சிங்கப்பூர் அம்மா ஒருத்தவங்க இங்க வந்து அழுதாங்க. அன்னைக்கே மாட்டிட்டேன். அவ ஆட்டம் அடங்கணும்லா!"

தேன்மொழி ஏமாற்றத்தோடு அலுவலகத்துக்குத் திரும்பினாள். பொறாமைப்பட்ட ஆள் கிடைத்துவிட்டான், ஆனால் அவன் செய்த குற்றம் ஒரு பலகை மாட்டியதோடு சரி.

"ஒண்ணும் வித்தியாசமில்லீங்க" என்று தேநீரைக் கலக்கியபடி சொன்னாள். "ரெண்டு பில்லுக்கும் அந்தக்கா வந்து மெஷினைக் காட்டினாங்க. ரெண்டு தடவையும் வெள்ளியில போடச் சொல்லித் தலையாட்டினேன். நம்பரை அமுக்கினேன். முடிஞ்சுது."

"அவங்க கேட்டதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம."

தேன்மொழிக்குப் பிறர் பேச்சைப் பிடித்துக்கொள்கிற திறமை உண்டு. "முதல் சேலைக்கு, 'வெள்ளியிலயே போட்டுடவாம்மா?'ன்னாங்க. ரெண்டாவதுக்கு, 'மலேசியா வெள்ளிதானேம்மா, அதுதான் உனக்கு லாபம்'னு சொல்லிட்டு அமுக்கினாங்க."

சிவகணேசன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். "கீழ்க்கடையில இந்தத் தேத்தண்ணி என்ன விலை?"

"ரெண்டு வெள்ளி."

"துவாஸ்ல இருந்தப்ப உனக்குச் சம்பளம் எதுல குடுத்தாங்க?"

"வெள்ளியிலதான். வேற எதுல குடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தவள், அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள்.

மறுநாள் காலை, சுபத்திராவின் கடை திறக்கும் முன், கதவைப் பாதி தூக்கிவிட்டு எல்லாரும் உள்ளே கூடியிருந்தார்கள். பிரவீனா அழுது முகம் வீங்கியிருந்தாள்; வேலை போய்விடும் என்று பயந்திருந்தாள். ராஜம்மா தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எதற்கு அழைத்தார்கள் என்று புரியாமலே ரூபேந்திரனும் வந்திருந்தான். தேன்மொழியைப் பார்த்ததும் ராஜம்மாவின் முகம் மாறியது.

"திருடனைத் தேடாதீங்க. திருட்டே நடக்கல" என்று ஆரம்பித்தார் சிவகணேசன். "ரூபேந்திரன், நீங்க கேள்விப்பட்டதை வச்சுப் பலகை மாட்டினீங்க. உங்க பங்கு அவ்வளவுதான். ஆனா இனி யாராவது கேட்டா என்ன நடந்துச்சுன்னு சரியாச் சொல்லணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

ரூபேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சிங்கப்பூர்க் கார்டைப் போட்டா இந்த மெஷின் ஒரு கேள்வி கேக்கும். மலேசிய ரிங்கிட்லயா, சிங்கப்பூர் டாலர்லயா? ரிங்கிட்ட அமுக்கினா வாங்கினவங்களோட வங்கி அதை வழக்கமான மாற்று விலையில கணக்குப் பண்ணும். டாலரை அமுக்கினா இங்கேயே மாத்திடுவாங்க. அதுக்கு மெஷினுக்குப் பின்னால இருக்கிற கம்பெனி தனக்குப் பிடிச்ச விலையைப் போடும். நூத்துக்கு நாலு, அஞ்சுகூடப் போகும். அந்தக் காசு கடைக்கு வராது. அது அந்தக் கம்பெனிக்கும் வங்கிக்கும் போயிடும். சுபத்திரா சைன் வச்ச 'இலவச வசதி' இதுதான்."

சுபத்திரா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"எதை அமுக்கிறதுன்னு வாங்கிறவங்கதான் முடிவு பண்ணணும். அது விதி. இங்க ராஜம்மா கேட்டுட்டுத்தான் அமுக்கினாங்க. 'வெள்ளியிலயே போட்டுடவா?' ஜோகூர்க்காரங்களுக்கு வெள்ளின்னா ரிங்கிட். சிங்கப்பூர்க்காரங்களுக்கு வெள்ளின்னா அவங்க டாலர். எந்த வெள்ளின்னு கேக்காமலே வாங்கினவங்க தலையாட்டினாங்க, ராஜம்மா டாலரை அமுக்கினாங்க. நாளைக்கு யார் கேட்டாலும் ராஜம்மா ஒண்ணு சொல்லிக்கலாம்: 'நான் கேட்டேன், அவங்க சரின்னாங்க.'"

"ஆமா, கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்றாள் ராஜம்மா. "எனக்கு என்னங்க தெரியும்? நான் என்ன படிச்சவளா?"

"தெரியும்" என்றார் சிவகணேசன் மெதுவாக. "மெஷின்காரன் சொல்லிக் குடுத்தப்ப பக்கத்துல நின்னது நீங்கதான். நேத்து என் மனைவிக்கு ரெண்டு தடவை மெஷினைக் காட்டினீங்க. உங்க சொந்தப் பில்லுக்கு, 'மலேசியா வெள்ளிதானே, அதுதான் உனக்கு லாபம்'னு சொன்னீங்க. பிரவீனா பில்லுக்கு மட்டும் அந்த 'மலேசியா' காணாமப் போயிடுச்சு. வித்தியாசம் தெரியாதவங்களுக்கு லாபம் எதுன்னு தெரியாது. நீங்க லாபிஸ்ல இருந்த வாரம் ஒரு புகாரும் வராததுக்கும் இதுதான் காரணம். பிரவீனா தனியா நின்னப்ப, வாங்கிறவங்க கையிலயே மெஷினைக் குடுத்திருப்பா."

பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "எனக்கு அந்தக் கேள்வி புரியலைங்க சார். அதான் அவங்களையே அமுக்கச் சொன்னேன்."

"ஏன் ராஜம்மா?" சுபத்திரா எழுந்து அவளருகே வந்தாள். "கடை போயிருந்தா உங்களுக்கும்தானே வேலை போயிருக்கும்? இதுல ஒரு காசுகூட உங்களுக்கு வரலையே!"

ராஜம்மா சுபத்திராவைப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் என்னவென்று தேன்மொழிக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. நின்றுபோன கத்தரிக்கோல் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. தன் கையில் இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

"முதல் பில்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

ராஜம்மா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். முதல்முறையாக அவள் கண் கலங்கியது.

"கட திறந்த நாள்ல இருந்து என் கைதான்" என்றாள். "ராஜம்மா கையில வாங்கினா நல்லதுன்னு ஊரே சொல்லிச்சு. இந்த வருஷம் நான் பில் புக்கை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறேன், நீங்க என் கையில இருந்து வாங்கி அது கையில குடுத்தீங்கம்மா. எல்லாரும் பாக்க. 'கைராசிக்காரி'ன்னு. அப்ப என் கை என்ன கை? அது கையில வாங்கினவங்க திட்டிக்கிட்டே திரும்பி வரணும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். வங்கிக்குப் போவாங்கன்னு நெனக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? இந்த வயசுல, அந்தச் சின்னப் பிள்ளையப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குன்னா?"

நடந்தது நடந்தபடி வங்கிக்கு எழுத வேண்டும் என்றார் சிவகணேசன். கூடுதலாகப் போன தொகையைக் கடை திருப்பித் தந்து, அந்த வசதியையும் நிறுத்திவிட்டால் மெஷின் தப்பிக்கும் என்றார். ராஜம்மா மறுக்கவில்லை. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிரவீனாவின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். சுபத்திரா போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பாதி தூக்கியிருந்த கதவுக்குக் கீழே குனிந்து ஓர் இளம்பெண் உள்ளே நுழைந்தாள். கல்யாணப் பெண் களை முகத்தில் தெரிந்தது.

"சாரி, கடை திறந்தாச்சா? நான் சிங்கப்பூர்ல இருந்து வரேன். இங்க ராஜம்மா ஆன்ட்டின்னு ஒருத்தவங்க இருக்காங்களாமே? கூறைப் புடவை அவங்க கையிலதான் வாங்கணும்னு எங்கம்மா சொல்லிவிட்டாங்க. அக்கா கல்யாணத்துக்கும் அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்களாம்."

சுபத்திரா ராஜம்மாவைப் பார்த்தாள்; பிரவீனாவும் பார்த்தாள். இத்தனை நாளாக ராஜம்மா கேட்க ஏங்கியிருந்த வார்த்தை, அவள் பையை மாட்டிக்கொண்ட பிறகு வந்து நின்றது. 'நான்தாம்மா' என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும்.

ராஜம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

"அவங்க வேலைய விட்டு நின்னுட்டாங்கம்மா" என்றாள். "நீ பிரவீனாகிட்ட வாங்கிக்கோ. கைராசியான பொண்ணு."

சொல்லிவிட்டுக் கதவுக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். பிரவீனா, "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் தனியாகத்தான் வந்தாள்.

தேன்மொழி கணவரோடு காரில் திரும்பினாள். மடியில் மாம்பழ நிறச் சேலை இருந்தது. அதற்குக் கூடப்போன பணத்தைச் சுபத்திரா திருப்பித் தந்தபோது, அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டிருந்தாள். பாலத்துக்குப் பிரியும் சாலை வந்தபோது வாயைத் திறந்தாள்.

"சுபத்திரா நல்ல பொம்பளதான்" என்றாள். அந்த வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

சிவகணேசன் சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, முதல் பில்லுன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"எனக்குத் தெரியும்."

அவள் சேலையின் விளிம்பைத் திருகினாள். "நான் ரொம்பப் பொறாமைக்காரியாங்க?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லாத அந்தச் சொல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"ஓம்."